நாலு பேர் இருக்க வேண்டிய வீடு

வாசலில் கிடந்த பதினோரு ஜோடிச் செருப்புகளை ஏஜென்ட் இரண்டாவது தடவையாக எண்ணிக்கொண்டிருந்தார். முதல் தடவை வந்த விடையை அவருடைய கண்ணே நம்பவில்லை போலிருக்கிறது.

கதவைப் பாதி திறந்து, மீதிப் பாதியைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றார் லிஃப்ட்காரர். அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்து ஏழு வருடமாகிறது. வாடகை ஒப்பந்தத்தில் இருப்பது அவருடைய கையெழுத்து. 'நான்கு பேருக்கு மேல் குடியிருக்கக் கூடாது' என்ற வரிக்கு நேர் கீழே, கொஞ்சமும் நடுங்காமல் போட்ட கையெழுத்து.

"நாலு பேருக்குப் பதினோரு ஜோடியா?" என்றார் ஏஜென்ட்.

"ஆளுக்கு ரெண்டு மூணு வெச்சிருக்கோம் சார்."

"அப்படின்னா ரெண்டு ஜோடியாவது ஒரே சைஸ்ல இருக்கணுமே. பக்கத்து வீட்டு அம்மா புகார் சொன்னாங்க. நான்தான் நம்பலை."

பேச்சோடு பேச்சாக ஏஜென்ட் உள்ளே வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துக் குளியலறைக் கதவு திறந்தது. துண்டோடு ஒருவர் வெளியே வர, வாளியோடு இன்னொருவர் உள்ளே போனார். வாளிக்குப் பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். அறைக்குள் கட்டிலிலிருந்து ஒருவர் எழுந்தார். அவர் உடம்புச் சூடு ஆறுவதற்குள் அதே கட்டிலில் இன்னொருவர் படுத்து, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். லிஃப்ட்காரரையும் சேர்த்து ஏழு பேர்.

"யாருங்க இவங்கல்லாம்?"

லிஃப்ட்காரர் வாழ்க்கையில் பெரிய பொய் சொன்னவர் அல்ல. அதனால் எந்த அளவுக்குச் சொல்ல வேண்டும் என்ற கணக்கு அவருக்குத் தெரியவில்லை.

"ஒத்திகை சார்."

"என்ன ஒத்திகை?"

"நாடகம்... நாடகம் போடறோம்."

வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாளி ஒன்று கீழே விழுந்தது. நல்லவேளையாக வரிசையில் இரண்டாவதாக நின்றவர் புரொஃபசர். இலக்கியத்தில் ஆராய்ச்சி செய்ய வந்து, பாதியில் விட்டு, இப்போது ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறார். பட்டம் வராவிட்டாலும் பட்டப்பெயர் வந்துவிட்டது.

"அபத்த நாடகம் சார்" என்றார் புரொஃபசர், பல் தேய்க்கும் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு.

"அப்படின்னா?"

"கதை இருக்காது. ஆரம்பம், முடிவு இருக்காது. ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது. பொழைக்க வந்தவங்க கொஞ்சம் பேரு ஒரே வீட்ல இருக்காங்க. அவ்வளவுதான் நாடகம்."

ஏஜென்ட் கட்டிலை எட்டிப் பார்த்தார். படுத்தவர் குறட்டையே விட ஆரம்பித்திருந்தார்.

"இவரும் நடிக்கறாரா?"

"ஆமா சார்."

"அடேங்கப்பா!" என்றார் ஏஜென்ட், மனதார. "என்ன தத்ரூபம்!"

தப்பித்தோம் என்று லிஃப்ட்காரர் மூச்சு விட்டார். அது கொஞ்சம் சீக்கிரமாக விட்ட மூச்சு. ஏஜென்ட் போகவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய மனைவிதான் குடியிருப்போர் மன்றத்தின் செயலாளர். மறு ஞாயிறு சாயங்காலம் மன்றத்து ஹாலில் மேஜிக் நிகழ்ச்சி வைத்திருந்தார்கள். மேஜிக்காரர் மாடிப்படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டார்.

"முக்கால் மணி நேரம் காலியா இருக்கு. தெய்வமாப் பார்த்து உங்களை அனுப்பிச்ச மாதிரி இருக்கு. நீங்க போட்டுடுங்க."

"இன்னும் தயாராகலை சார்" என்று அவசரமாகச் சொன்னார் லிஃப்ட்காரர். "ஆளே பத்தலை. ஏழு பேர்தான் இருக்கோம். நாடகத்துக்கு ஒன்பது பேர் வேணும்."

"இதுக்கா கவலைப்படறீங்க? ஒரு வேஷத்தை நான் போடறேன். இன்னொண்ணுக்கு என் சம்சாரம். ஒத்திகைக்கு தினம் சாயங்காலம் இங்கயே வந்துடறோம்."

"ஐயையோ, வேணாம் சார்! ரெண்டு பேரும் இருக்காங்க. வேலைக்குப் போயிருக்காங்க, வந்துடுவாங்க!"

ஏஜென்டுக்குத் தெரியாமல் இருந்த ஒரே கணக்கையும் லிஃப்ட்காரர் தன் வாயாலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்.

ஏஜென்ட் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தார். "ஓனர்கிட்டயும் போன்ல சொல்றேன். மகன் வீட்ல, வேற ஊர்ல இருக்கேன்னு சொல்வார். பொழுதே போகலைன்னு புலம்புவார். முன்வரிசையில அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வெச்சிடுங்க."

அந்த ஓனரை இவர்களில் யாருமே பார்த்ததில்லை. எல்லாம் ஏஜென்ட் மூலமாகத்தான். இந்த வீடு கிடைக்கவே எட்டு மாதம் அலைந்திருக்கிறார்கள். எத்தனையோ வாசல்களில் முகத்தைப் பார்த்ததுமே கதவு மூடியிருக்கிறது. முன்வரிசை நாற்காலியில் உட்காரப் போகிறவர் ஒரு வார்த்தை சொன்னால், ஒன்பது பேரும் பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

"நாடகம் நிஜமா நாடகம் மாதிரி இருக்கணும்" என்றார் லிஃப்ட்காரர். "இல்லேன்னா நிஜம் தெரிஞ்சுடும்."

"அருமையான வரி சார்" என்றார் புரொஃபசர். "எழுதி வெச்சுக்கறேன்."

அந்த வீடு இரண்டு பாதிகளாக ஓடிக்கொண்டிருந்தது. பகலில் வேலைக்குப் போகிறவர்கள் நாலு பேர். அவர்களுக்குப் பொறுப்பு லிஃப்ட்காரர். இரவு வேலைக்காரர்கள் ஐந்து பேர். அவர்களுக்குப் பொறுப்பு அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பைப் பார்த்துக்கொள்பவன். கட்டில்கள் மட்டும் இரண்டு பாதிக்கும் பொது. ஒரு பாதி வரும்போது மறு பாதி கிளம்பும். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, ஆளாளுக்கு அனுமதி வாங்கிக்கொண்டு, முதல் தடவையாக எல்லோரும் கூடத்தில் கூடினார்கள். யாருக்கும் எங்கே நிற்பதென்று தெரியவில்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் நிற்பதுபோல இரண்டு பக்கமாக நின்றார்கள்.

இரவுக் காவலாளிதான் முதலில் வாயைத் திறந்தார். எதிரே இருந்த பஸ் டிரைவரைப் பார்த்து, "நீங்கதான் பச்சைத் துண்டா?" என்றார்.

"ஆமாங்க. நீங்க?"

"மூணாம் நம்பர் கட்டில். ராத்திரி நீங்க, பகல்ல நான்."

டிரைவர் ஒரு அடி முன்னால் வந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். இரண்டு வருடமாக ஒரே தலையணையில் தலை வைத்தவர்கள். முகம் பார்ப்பது இப்போதுதான்.

"தலையணைல ஒரு தைல வாசனை வருமே..."

"எனக்குக் கழுத்து வலி. நான்தான் தடவிப்பேன். தொந்தரவா இருக்கா?"

"முதல்ல இருந்துச்சு" என்றார் டிரைவர். "இப்ப அந்த வாசனை இல்லேன்னா எனக்குத் தூக்கமே வரதில்லைங்க."

இரண்டு பக்கமும் ஒரு அடி நெருங்கியது. அப்புறம் ஒரே களேபரம். "நாலாம் நம்பர் சோப்பு நீங்கதானா!" "கடைசித் துண்டு ரொட்டியை எப்பவும் மிச்சம் வைக்கற புண்ணியவான் யாரு?" "சட்டைக்குப் பட்டன் தெச்சு வெச்சது யாருய்யா?" லிஃப்ட்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றார். தான் குடியிருந்தது பாதி வீட்டில்தான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த வியப்போடு வியப்பாகத் தலைகளை எண்ணியவர், மறுபடி எண்ணினார். பத்து.

சமையலறை வாசலில், சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட பெரியவர் ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் அவரை மாதக்கணக்கில் பார்த்திருக்கிறார். காலையில் அவசரமாகக் கிளம்பும்போது டீ டம்ளரை நீட்டுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். இரவுப் பாதியைச் சேர்ந்தவர் என்றே லிஃப்ட்காரர் நினைத்திருந்தார். ஆனால் இரவுப் பாதி ஐந்து பேரும் எதிரே நிற்கிறார்களே! அப்படியானால் மச்சினன் சொல்லாமல் கொள்ளாமல் ஆறாவது ஆளைச் சேர்த்திருக்கிறான்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே கேட்டிருப்பார். மச்சினனிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் அவன் அக்காவிடம் போகும். அக்காவிடம் போனால் மாமனார் வரைக்கும் போகும். எதற்கும் ஊருக்குப் போன் போட்டு, மனைவியிடம் ஓரமாக ஆரம்பித்துப் பார்த்தார்.

"உன் தம்பி, வயசானவர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து வெச்சிருக்கான் போலிருக்கு..."

"வெச்சா என்ன? வயசானவருக்கு ஒரு மூலை குடுக்க உங்களுக்கு மனசு வரலையா? எங்க வீட்டு ஆளுங்கன்னாலே உங்களுக்கு ஆகாது."

"நான் ஒண்ணுமே சொல்லலையே."

"சொல்லவும் வேணாம்."

அத்தோடு அந்த விசாரணை முடிந்தது. மறுநாள் மச்சினனே வந்து தலையைச் சொறிந்தான். "மாமா, அந்தப் பெரியவருக்கும் நாடகத்துல ஒரு வேஷம் குடுத்துடலாம். நாம எல்லாரும் நடிக்கும்போது அவரை மட்டும் உக்கார வெச்சா மரியாதையா இருக்காது."

'பார், சிபாரிசு வேறு' என்று லிஃப்ட்காரர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். வெளியே, "தாராளமா மாப்ள. வெங்காயம் உரிக்கற வேஷம் குடுத்துடலாம்" என்றார். பெரியவரிடம் சொன்னபோது, அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஒத்திகை படுமோசமாகப் போனது. தினமும் செய்வதைச் செய்யுங்கள் என்றுதான் புரொஃபசர் சொன்னார். அதைத்தான் யாராலும் செய்ய முடியவில்லை. 'இயல்பா நடந்து வாங்க' என்றதும் டிரைவர் ராணுவ அணிவகுப்பில் வருவதுபோல வந்தார். காவலாளி கொட்டாவி விடப் போய்த் தாடை பிடித்துக்கொண்டது. மச்சினன் தூங்குவதுபோல நடித்ததைப் பார்த்தால் டாக்டரைக் கூப்பிடத் தோன்றியது.

"ரெண்டு வருஷமா விடற குறட்டைதானே மாப்ள, அதை விடேன்!" என்று லிஃப்ட்காரர் கெஞ்சினார்.

"முழிச்சிட்டிருக்கும்போது எப்படி விடறதுன்னு தெரியலை மாமா."

வெள்ளிக்கிழமை லிஃப்ட்காரருக்கு ஒரு யோசனை பிறந்தது. நாடகம் பார்த்த கையோடு ஓனர் வீட்டையும் பார்க்க வந்தால்? மூன்றடுக்குக் கட்டில்களையும் ஒன்பது வாளிகளையும் பார்த்தால்? அவற்றையெல்லாம் மேடைக்கே கொண்டுபோய்விட்டால், நாடக சாமான் என்று சொல்லிவிடலாம். நாலு பேர் வீடு நாலு பேர் வீடாகவே இருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் வேன் வந்தது. கட்டில்கள், தலையணைகள், பெயர் ஒட்டிய டப்பாக்கள் அடைத்த ஃபிரிட்ஜ், ஒன்பது அலாரம் கடிகாரங்கள், குளியலறைக் கதவு (அதைக் கழற்றியது லிஃப்ட்காரரே) எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மூன்று வருடம் ஒளித்து வைத்ததை, தெருவே வேடிக்கை பார்க்க, சாயங்கால வெயிலில் ஏற்றினார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலில் நின்று விரல் விட்டு எண்ணினாள்.

ஏஜென்ட் மட்டும் ஒரு தலையணையை உயர்த்திப் பிடித்துப் பரவசப்பட்டார். "எண்ணெய்க் கறைகூட விடலை பாருங்க! என்னா உழைப்பு! ஓனர் கண்டிப்பா வரேன்னுட்டார்."

இந்த யோசனையில் ஓர் ஓட்டை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை இரவு வேலை முடிந்து வந்தவர்களுக்கு வீட்டில் படுக்கக் கட்டில் இல்லை. நேரே ஹாலுக்குப் போய், திரைக்குப் பின்னால், அவரவர் கட்டிலில் படுத்துவிட்டார்கள். நாலு மணிக்கு எழுப்பிக்கொள்ளலாம் என்று புரொஃபசர் நினைத்திருந்தார். ஆனால் ஏஜென்ட் மனைவி நேரம் தவறாதவர். நாலு அடித்ததும் திரையை இழுத்துவிட்டார்.

ஹால் நிறைய ஜனம். மேடையில் ஐந்து பேர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் முக்காலியில் வெங்காயம் உரித்தார். நடுவில், கையில் வாளியோடு, ஒரு வசனமும் நினைவில்லாமல் லிஃப்ட்காரர். மேடை ஓரத்தில் புரொஃபசர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

ஒரு நிமிஷம் போனது. ஒருவரும் அசையவில்லை. மச்சினன் குறட்டை ஹாலின் கடைசி வரிசைவரை போய்த் திரும்பியது.

அப்போது முதல் அலாரம் அடித்தது. மச்சினன் துள்ளி எழுந்தான். கண்ணைத் திறக்காமலே, வீட்டில் இருக்கும் நினைப்பில், "பாத்ரூம்ல யாரு?" என்று கத்தினான்.

ஹால் அதிரச் சிரித்தது. மச்சினன் வாளியை எடுத்துக்கொண்டு, தனியாக நிறுத்தி வைத்திருந்த குளியலறைக் கதவின் முன்னால் போய் நின்றான். கதவுக்குப் பின்னால் சுவரும் இல்லை, அறையும் இல்லை. இருந்தாலும் தட்டிவிட்டுக் காத்திருந்தான். அடுத்த அலாரம். காவலாளி எழுந்து அவனுக்குப் பின்னால் நின்றார். அவர் எழுந்த இடத்தில் டிரைவர் வந்து படுத்தார். படுக்குமுன் தலையணையை ஒரு தடவை முகர்ந்து பார்த்துக்கொண்டார். சிரித்துக்கொண்டிருந்த ஹால் அங்கே சிரிப்பை நிறுத்தியது.

அப்புறம் யாரும் நடிக்கவில்லை. அலாரம் அடித்தால் எழுந்தார்கள், இடம் காலியானால் படுத்தார்கள், ஒருவர் பாதி குடித்த டீயை மூடி வைத்தார், இன்னொருவர் அடுத்தவர் சட்டைக்குப் பட்டன் தைத்தார். ஒருவரை ஒருவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை; ஒருவரில்லாமல் ஒருவர் நகரவும் இல்லை.

லிஃப்ட் ரிப்பேருக்கு அதன் தலைமேல் ஏறி நின்று மெதுவாக இறங்கும்போது, ஒவ்வொரு மாடிக் கதவுக்கும் பின்னால் ஒரு வீட்டின் சத்தம் கேட்கும்: ஒன்றில் குழந்தை, ஒன்றில் தாளிப்பு, ஒன்றில் சண்டை. எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தால் எப்படியிருக்கும் என்று லிஃப்ட்காரர் பல தடவை நினைத்ததுண்டு. இன்றைக்குத் திறந்துவிட்டன. இவ்வளவு பெரிய காரியமா தினமும் தன் வீட்டில் நடந்துகொண்டிருந்தது?

கடைசிக் காட்சிக்கு டிரைவர் கட்டிலிலிருந்து எழுந்து, ஒரு ஃபைலை அக்குளில் செருகிக்கொண்டு அதிகாரியானார். ஒவ்வொருவரிடமும் போய், "இந்த வீட்ல எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்க வேண்டும். எல்லோரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். புரொஃபசர் எழுதியதில் அது ஒன்றுதான் வசனம்.

"நான் மட்டும்தான்" என்றார் காவலாளி.

"நான் மட்டும்தான்" என்றான் மச்சினன்.

"நான் மட்டும்தான்" என்றார் லிஃப்ட்காரர். அப்போதுதான் அவருக்குக் குரல் வந்தது.

மற்ற எட்டுப் பேரையும் கேட்டு முடித்ததும் டிரைவர் நிறுத்த வேண்டும். பதற்றத்தில் யாரைக் கேட்டோம், யாரைக் கேட்கவில்லை என்று குழம்பி, நேரே முக்காலியிடம் போய்விட்டார்.

"இந்த வீட்ல எத்தனை பேர் இருக்கீங்க?"

பெரியவருக்கு வசனம் கிடையாது. அவர் கத்தியைக் கீழே வைத்தார். ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்தார். அது வெங்காயமாகவும் இருக்கலாம்.

"நான் ஒருத்தனா இருந்தப்போ இந்த வீட்ல கால் வைக்க இடமில்லை சார்" என்றார். "எங்க பார்த்தாலும் நான்தான். சமையல்கட்டுல நான், கூடத்துல நான், கண்ணாடியில நான். ஒரே நெரிசல். மூச்சு விட முடியலை. இவங்கல்லாம் வந்தப்புறம்தான் எனக்குக் கொஞ்சம் இடம் கிடைச்சிருக்கு."

டிரைவர் அக்குளிலிருந்த ஃபைல் நழுவியது. மூன்றாம் வரிசையில், எண்ணிக்கொண்டே வந்த பக்கத்து வீட்டு அம்மா விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எங்கோ ஒரு கை தட்டியது. அப்புறம் கூரையே பெயர்ந்துவிடும் போலிருந்தது.

"இது என் ஸ்கிரிப்ட்ல இல்லையே" என்று முணுமுணுத்தார் புரொஃபசர். "ஜென்மத்துக்கும் என்னால இப்படி எழுத முடியாது."

திரை மூடியதும் மச்சினன் ஓடிவந்து லிஃப்ட்காரரைக் கட்டிக்கொண்டான். "மாமா, உங்க பெரியவர் பின்னிட்டாரு மாமா!"

"என் பெரியவரா? உன் ஆளுன்னுல்ல நான் நினைச்சேன்?"

"என் ஆளா? உங்க பெரியப்பா வழியில யாரோன்னு நினைச்சேன். கேட்டா அக்கா திட்டுமேன்னுதான் கேக்கலை."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நிற்கும்போது, ஏஜென்ட் மேடைப் படியில் மூச்சு வாங்க ஏறி வந்தார். கண் சிவந்திருந்தது. லிஃப்ட்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இன்று பார்த்ததற்குப் பிறகு அவரால் பொய்யைத் தொடர முடியவில்லை.

"சார், இது நாடகமே இல்லை. ஒன்பது பேரும் அங்கதான் இருக்கோம். மூணு வருஷமா. கையெழுத்துப் போட்டவன் நான், தப்பு என்னோடது. இவங்களை ஒண்ணும் பண்ணிடாதீங்க. ஓனரை நேர்ல பார்த்து நானே சொல்லிடலாம்னு பார்த்தேன். அவர்தான் வரலையே."

ஏஜென்ட் அவரை விசித்திரமாகப் பார்த்தார்.

"என்னங்க சொல்றீங்க? முக்கால் மணி நேரமா உங்களோட மேடையில உக்காந்து வெங்காயம் உரிச்சவரு யாருன்னு நினைச்சீங்க?"